நாற்பது இறாத்தல் மிச்சம்

மே மாதம் விக்ரோறியா தின நீண்ட வாரஇறுதி கிட்டும்போது எங்கள் ரயர்க் கடை முற்றத்தில் வீடுகள் வரிசை கட்டி நிற்கும். பிக்கப் ட்ரக்கின் பின்னால் பூட்டி இழுத்துவருகிற வீடுகள். முப்பது அடி, முப்பத்தைந்து அடி நீளம். உள்ளே படுக்கையறை, குளியலறை, அடுப்பு, ஆளுயரக் குளிர்ப்பெட்டி, நிறுத்திய இடத்தில் சுவரோடு வெளியே தள்ளி விரிக்கிற ஒரு இருக்கையறை. ஒன்ராறியோவின் முகாம் காலம் குறுகியது. மே நடுவில் தொடங்கி ஒக்ரோபர் நன்றிதெரிவித்தல் விடுமுறையோடு ஏறக்குறைய முடிந்துவிடும். மிச்ச மாதமெல்லாம் இந்த வீடுகள் யாரோ ஒருவரின் வளவிலோ வாடகைத் தரிப்பிடத்திலோ பனிக்குள் அசையாமல் கிடக்கும். வெளியே எடுக்கிற அன்றுதான் உரிமையாளர் குனிந்து சில்லைப் பார்ப்பார். ரயரின் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். நேரே எங்களிடம் வருவார்.

வருகிறவர்களில் அநேகர் கேட்கிற முதற் கேள்வி, "எந்தக் கொம்பனி ரயர் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் ட்ரெயிலர் எவ்வளவு எடை?" இதற்குப் பதில் தெரியாமல் அவருடைய கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லுகிற கடைக்காரர் ரயர் விற்கிறார், அவ்வளவுதான்.

நான் ஊரில் லொறி ரயர் கழற்றி, ரியூப் ஒட்டிக் கை பழகினவன். லொறிக்காரருக்குத் தன் பாரம் தெரியும். மூடைக் கணக்கில்தான் அவருக்குக் கூலி. கூடுதலாக ஏற்றினால் ஏற்றுகிறேன் என்று தெரிந்தே ஏற்றுவார். வில்லுத்தகடு நிமிர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். இங்கே வந்து முகாம் ட்ரெயிலர்களில் கை வைத்தபோது எனக்குப் புதிதாக இருந்தது, சொந்தக்காரருக்குப் பாரமே தெரியாமல் இருந்ததுதான். வீட்டை யாரும் நிறுப்பதில்லை. அலுமாரியில் நாலு உடுப்பு, சமையலறையில் கொஞ்சம் பாத்திரம், கட்டிலுக்குக் கீழே மடக்குக் கதிரைகள். ஒன்றும் பாரமாகத் தோன்றாது. ஆனால் எல்லாவற்றையும் சுமப்பது நான்கு ரயர்கள்.

விற்பனைத் தாளில் போட்டிருக்கிற எடை வெறும் வீட்டின் எடை. தண்ணீர் இல்லை, காஸ் சிலிண்டர் நிறைந்ததா என்று தெரியாது, ஒரு கரண்டிகூட உள்ளே இல்லை. நன்னீர்த் தொட்டியில் 227 லீற்றர் பிடிக்குமென்றால், அதை நிரப்பினதுமே 500 இறாத்தல் ஏறிவிடும். அதற்கு மேல் பற்றறி, ஜெனறேற்றர், கருவிப்பெட்டி, இரும்பு வாட்டுமேடை, சைக்கிள்கள்.

போன கோடைக்கு முன் ஸ்காபரோவிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். இரண்டு குடும்பமும் காசு போட்டு வாங்கின பழைய ட்ரெயிலர். கில்பேர் பார்க்கில் நாலு இடம் பதிந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"அண்ணை, நாங்கள் நாலு பேர்தான் உள்ளுக்குப் படுக்கிறது. மற்ற ஆக்கள் கூடாரத்திலை. பெரிய பாரமொண்டும் வராது."

"சமையல் எத்தினை பேருக்கு?"

"ஒரு இருபத்தஞ்சு பேர் வருவினம்."

பின்கதவைத் திறந்து காட்டினார்கள். பிரியாணி அண்டா இரண்டு, மூன்று முனை காஸ் அடுப்பு, அரிசி மூடை, தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள், இருபத்தைந்து கதிரை, ஒலிபெருக்கி. அத்தனையும் பின்பக்கத்தில். ட்ரெயிலருக்குள் வைத்தால் காரில் இடம் மிஞ்சுமென்று மற்றக் குடும்பங்களின் சாமான்களும் அங்கேதான். நான் சிரிக்கவில்லை. எங்கள் சனம் முகாமுக்குப் போவது அப்படித்தான். நானும் அப்படித்தான் போகிறவன். ஆனால் அந்தச் சாமான் முழுவதும் விற்பனைத் தாளில் இல்லாத எடை. போதாததற்கு, பின்னால் பாரம் கூடினால் முன்கொக்கி இலேசாகி நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். ரயர் மாற்றினாலும் அது நிற்காது. பந்துக் கொக்கியில் இழுக்கிற ட்ரெயிலரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். பெரிய ட்ரெயிலர்களில், முக்கியமாக பிக்கப்பின் பெட்டிக்குள் கொக்கி பூட்டுகிற பிஃப்த் வீல் வகையில், இரண்டு அச்சுகள் இருக்கும். ஒவ்வொரு அச்சும் 7,000 இறாத்தலுக்குச் செய்யப்பட்டது. அதற்கு உற்பத்திச்சாலையில் போட்டுவருகிற ரயரின் அளவு மிகப் பரவலாக எஸ்.ரி. 235/80 ஆர் 16, பாரத் தரம் இ. அந்த ரயர் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 3,520 இறாத்தல் தாங்கும். ஒரு அச்சில் இரண்டு ரயர். இரண்டும் சேர்ந்து 7,040.

அச்சு 7,000, ரயர்கள் 7,040. மிச்சம் நாற்பது இறாத்தல். ஒரு அரிசி மூடை அதைத் தின்றுவிடும்.

சட்டப்படி இதில் பிழை இல்லை. அச்சின் அளவுக்கு ரயர் தாங்கினால் போதுமென்பதுதான் நெடுங்காலமாக இருந்த குறைந்தபட்ச விதி. பிஃப்த் வீலில் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ட்ரக்கின் மேல் இறங்குவதால், 16,000 இறாத்தல் ட்ரெயிலருக்கும் 7,000 இறாத்தல் அச்சு இரண்டு போதும் என்று கணக்குக் காட்டலாம். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் காகிதம் ஒரு அச்சின் பாரத்தை இரண்டாகப் பிரித்து இடதுக்குப் பாதி, வலதுக்குப் பாதி என்று கொடுக்கிறது. வீடு அப்படிக் கட்டப்படுவதில்லை. வெளியே தள்ளுகிற அறை, அதற்குள் குளிர்ப்பெட்டி, அடுப்பு, சோபா எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும் வீடுகள் உண்டு. ஒரு அச்சின் இரண்டு சில்லுக்கும் நடுவில் 500 இறாத்தல் வித்தியாசம் வருவது அதிசயமில்லை. அச்சில் 6,900 இறாத்தல் இருக்கிறது, பயமில்லை என்று நினைப்போம். இடது சில்லில் 3,700, வலது சில்லில் 3,200 இருந்தால் இடது ரயர் தன் எல்லையைத் தாண்டி 180 இறாத்தல் சுமக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆகவே நான் சொல்வது, பயணத்துக்கு ஏற்றுவது போல எல்லாவற்றையும் ஏற்றுங்கள், தண்ணீர் நிரப்புகிறவரானால் நிரப்புங்கள், பிறகு எடைமேடைக்குப் போங்கள். 401 நெடுஞ்சாலையோரத்தில் லொறிகள் தரிக்கிற பெரிய எரிபொருள் நிலையங்கள் சிலவற்றில் கெற் ஸ்கேல் மேடை இருக்கிறது. ட்ரக்கின் முன்னச்சு, பின்னச்சு, ட்ரெயிலர் அச்சுகள் மூன்றையும் தனித்தனியே நிறுத்து அச்சடித்த சீட்டுத் தருவார்கள். சில டொலர்தான் செலவு. அந்தச் சீட்டு ட்ரெயிலர் அச்சுகளின் மொத்தத்தைக் காட்டும். ஒவ்வொரு சில்லின் பாரத்தைக் காட்டாது. அதற்குச் சில்லுக்குக் கீழே வைக்கிற தட்டுத் தராசு எங்கள் கடையில் உண்டு. முற்றத்தின் மட்டமான பக்கத்தில் நான்கு தட்டையும் வைத்து ட்ரெயிலரை ஏற்றினால் நான்கு எண் கிடைக்கும். நான்கில் பெரியது எதுவோ அதற்குத்தான் ரயர் தேர்வேன். சராசரிக்குத் தேர்வதில்லை.

எவ்வளவு மிச்சம் விடவேண்டும்? அதிக பாரம் விழுகிற சில்லில் ரயரின் தாங்குதிறனில் 85 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நான் பிடிக்கிற கணக்கு. 3,700 இறாத்தல் சில்லுக்கு அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 4,350 தாங்குகிற ரயர் வேண்டும். அதே 16 அங்குல றிமில் பாரத் தரம் ஜி ரயர் இருக்கிறது: 110 பிஎஸ்ஐயில் 4,400 இறாத்தல்.

பாரத் தரம் என்பது ரயரின் பக்கச் சுவரில் போட்டிருக்கிற எழுத்து. ட்ரெயிலர் ரயர்களில் சி என்றால் 50 பிஎஸ்ஐ, டி 65, இ 80, எஃப் 95, ஜி 110. பழைய கணக்கில் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு பிளை என்பார்கள். இன்றைய ரயருக்குள் அத்தனை அடுக்கு நூல் கிடையாது. பலத்தைச் சொல்கிற எண்ணாக மட்டும் அது நிலைத்துவிட்டது. எழுத்து ஏற ஏற உள்ளே கூடிய காற்றைத் தாங்கும். கூடிய காற்றுத்தான் கூடிய பாரத்தைச் சுமக்கிறது.

சரி, ஜி ரயரைப் போட்டுவிடலாமென்றால் அடுத்த கேள்வி றிம். றிம்முக்கும் தாங்குகிற பாரமும் அழுத்தமும் உண்டு. உட்பக்கத்தில் பொறித்திருக்கும், ரயரைக் கழற்றினால்தான் சிலவற்றில் தெரியும். 80 பிஎஸ்ஐக்குச் செய்த றிம்மில் 110 அடிப்பது வேலையாளின் உயிரோடு விளையாட்டு. வால்வும் அப்படித்தான். காருக்குப் போடுகிற சாதாரண றப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கு மட்டும். 80க்கு உயர் அழுத்த வால்வு வேண்டும். 110க்கு நட் போட்டு முறுக்குகிற உலோக வால்வு. நல்ல விலையில் ஜி ரயர் வாங்கி, மலிவான றப்பர் வால்வோடு எங்கோ பூட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று கசிந்து நிற்கிற இடம் அந்த வால்வடி. தரம் கூட்டினால் அச்சின் அளவு கூடிவிட்டதென்று நினைப்பதும் ஆபத்து. ரயர் 4,400 தாங்கினாலும் அச்சு இன்னும் 7,000தான். மிச்சம் ரயருக்காக வாங்கினது. அதில் இன்னொரு அண்டா ஏற்றக்கூடாது.

எங்கள் கடையில் காலம்காலமாக நடக்கிற வாக்குவாதம் ஒன்று: எஸ்.ரி. போடுவதா, எல்.ரி. போடுவதா. எஸ்.ரி. என்பது ட்ரெயிலருக்கென்றே செய்த ரயர். எல்.ரி. பிக்கப் ட்ரக்குகளுக்குச் செய்தது. ட்ரெயிலர் இழுத்துத் தலை நரைத்த வெள்ளைக்காரக் கிழவர்கள் பலர், "என் ட்ரக்கில் எல்.ரி. இத்தனை வருடமாக ஓடுகிறது, ட்ரெயிலருக்கும் அதையே போடு" என்று நிற்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ட்ரக் ரயர் முறுகி வளைந்து, முடுக்கி, தடுத்து எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கச் செய்தது. ஆனால் கணக்கு இடம் கொடுக்கவேண்டும். எல்.ரி. 235/85 ஆர் 16, பாரத் தரம் இ, 80 பிஎஸ்ஐயில் 3,042 இறாத்தல். இரண்டு சேர்ந்து 6,084. 7,000 இறாத்தல் அச்சுக்கு 916 இறாத்தல் குறைவு. இதைப் போட்டுவிட்டு நாங்கள் கையொப்பம் வைக்கமுடியாது. 5,200 இறாத்தல் அச்சுள்ள நடுத்தர ட்ரெயிலரானால் கதை வேறு. எல்.ரி. 225/75 ஆர் 16 இரண்டு சேர்ந்து 5,360 தாங்கும். உண்மையான எடை நன்றாகக் குறைந்திருந்தால் அங்கே எல்.ரி. நல்ல தேர்வு. றிம் 16 அங்குலமாக இருந்து, சில்லுக்கு மேலே இடமும் இருக்கவேண்டும்.

ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு ரயரில் எஸ்.ரி. மட்டும் எப்படி 478 இறாத்தல் கூடத் தாங்குகிறது? றப்பரில் மந்திரமில்லை. எஸ்.ரி. ரயரின் பார அட்டவணை எழுதப்பட்டபோது, இது மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடாது என்று வைத்துக்கொண்டு எழுதினார்கள். அதாவது மணிக்கு 105 கிலோமீற்றர். வேகத்தை விட்டுக்கொடுத்து வாங்கின பாரம் அது. இப்போது வருகிற எஸ்.ரி. ரயர்களில் எல், எம், என் என்று வேக எழுத்து இருக்கும்: 120, 130, 140 கிலோமீற்றர். வாடிக்கையாளர் அந்த எழுத்தைக் காட்டி, "நூற்றிருபதில் போகலாம்தானே?" என்பார். அந்த எழுத்து சோதனைக்கூடத்து உருளையில் ஓடித் தேறினதற்குக் கிடைத்தது. ஒக்ரோபர் கடைசியில் குளிருக்குத் தப்பி புளோரிடாவுக்கு இழுத்துப் போகிறவர்கள் 75ஆம் இலக்க இன்ரர்ஸ்ரேற்றில் தெற்கே இறங்க இறங்க வெயில் ஏறும், தார் சுடும், பின்னால் முழுப் பாரம். இன்றைய டீசல் பிக்கப்புக்கு 120 ஒரு வேகமே இல்லை. ஓட்டுகிறவருக்கு இழுப்பதே தெரியாது. நான் 100 என்று சொல்லி அனுப்புவேன். 400 வரிசை நெடுஞ்சாலைகளில் சில பகுதிகளில் 110 போகலாமென்று பலகை இருக்கிறது. பலகை எழுதினவர் உங்கள் எடைச் சீட்டைப் பார்க்கவில்லை.

வெப்பம்தான் ரயரைக் கொல்லுகிறது. பாரம் கூடினால், காற்று குறைந்தால், வேகம் கூடினால் பக்கச் சுவர் கூடுதலாக மடங்கி நிமிரும். மடங்கி நிமிருகிற ஒவ்வொரு முறையும் சூடு பிறக்கும். ஓடுதளத்துக்குக் கீழே இரண்டு உருக்குப் பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில், பட்டிக்கும் பட்டிக்கும் நடுவிலுள்ள றப்பர் முதலில் களைத்து விட்டுக்கொடுக்கும். இரட்டை அச்சு ட்ரெயிலரில் இதற்கு இன்னொரு காரணமும் சேருகிறது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே திசையில் இறுகப் பூட்டியவை, ஒன்றுகூடத் திரும்பாது. முகாம் இடத்தில் மரத்தைச் சுற்றிப் பின்பக்கமாகத் திருப்பி நுழைக்கும்போது ஒரு அச்சின் ரயர்கள் ஒரு பக்கமும் மற்ற அச்சின் ரயர்கள் எதிர்ப்பக்கமும் தரையில் இழுபடும். பக்கத்தில் நின்று பாருங்கள்: ரயரின் அடிப்பகுதி றிம்மை விட்டு ஒதுங்கி நெளிகிறது தெரியும். அந்த நெளிவு முழுக்க அந்தப் பட்டிகளுக்கு நடுவிலுள்ள றப்பரில்தான் விழுகிறது. பட்டி கழன்றால் ஓடுதளத்தில் ஒரு இடம் புடைக்கும், அல்லது கோடு வளைந்து போகும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் ஓடுதளம் முழுவதும் உரிந்து சுழன்று அடிக்கும். சில்லுக்கு மேலே உள்ள தகடு, மின்கம்பி, கழிவுநீர்க் குழாய், சிலவேளை காஸ் குழாய். ரயர் விலையைப்போலப் பல மடங்கு பழுது.

அதனால் பழைய ரயரைக் கழற்றும்போது நான் பார்ப்பது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அல்ல, எங்கே தேய்ந்திருக்கிறது என்று. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். புது ரயரும் அதே வழியில் போகும். அங்கங்கே குழி குழியாக இருந்தால் சில்லின் பெயறிங்கைப் பார்க்கவேண்டும். உள்ளங்கையை ஓடுதளத்தின்மேல் வைத்து ஒரு சுற்று வருவேன். புடைப்பு கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தப்பாது. வருடத்துக்கு நாலு தரம் இதை வீட்டுக்காரரும் செய்யலாம்.

ஒரு ரயர் வெடித்து மற்ற மூன்றும் நல்லாயிருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று வருவார்கள். வெடித்த கணத்திலிருந்து வண்டி நிற்கும்வரை அந்தப் பக்கத்துப் பாரத்தில் பெரும்பகுதியை ஒற்றை ரயர் சுமந்திருக்கிறது. பக்கத்துச் சில்லில் இருந்த அந்த ரயருக்குள் என்ன நடந்ததென்று வெளியே தெரியாது. அதை நான் கழற்றிவிடத்தான் சொல்வேன். நான்கும் ஒரே வயதென்றால் நான்கையும் பற்றிப் பேசவேண்டும்.

வயது என்றதும் டி.ஓ.ரி. இலக்கத்துக்கு வரவேண்டும். பக்கச் சுவரில் அந்த எழுத்துகளில் தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்தான் பிறந்த தேதி. 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆவது வாரம். முழு வரி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். அது உட்பக்கம் பார்த்துப் பூட்டியிருந்தால் ட்ரெயிலருக்குக் கீழே ஊர்ந்து டோர்ச் அடித்துத்தான் வாசிக்கவேண்டும். கார் ரயர் தேய்ந்து சாகும். ட்ரெயிலர் ரயர் அநேகமாக வயதாகிச் சாகும். தடம் புதிதாகவே இருக்கும். றப்பருக்குள் கலந்திருக்கும் மெழுகுப் பாதுகாப்பு, ரயர் ஓடி மடங்கும்போது மேலே வந்து ஓசோனிலிருந்து காக்கும். ஏழு மாதம் ஒரே இடத்தில் ஒரே பக்கம் நசுங்கி நிற்கிற ரயருக்கு அந்தக் காப்பு மேலே வராது. வெயில் பட்ட பக்கம் இன்னும் கெதியாக வெடிக்கும். ஐந்தாவது வருடத்திலிருந்து நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஏழு வருடம் தாண்டின ரயரோடு தூரப் பயணம் போகவேண்டாம் என்று நேரே சொல்லிவிடுவேன், தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும்.

வாங்குகிற புது ரயரின் தேதியையும் பாருங்கள். எந்தக் கடையிலும் பாருங்கள், எங்கள் கடை உட்பட. இரண்டு வருடம் களஞ்சியத்தில் கிடந்த ரயருக்குப் புது ரயர் விலை கொடுக்கத் தேவையில்லை. ட்ரெயிலரின் வயிற்றுக்குக் கீழே தொங்குகிற மேலதிக ரயருக்கும் தேதி உண்டு. நான்கையும் மாற்றிவிட்டு அதை மறப்பவர்கள் ஏராளம். அதன் உதவி தேவைப்படுகிற இடம் அநேகமாக சுப்பீரியர் ஏரிக்கரையில் 17ஆம் இலக்க நெடுஞ்சாலையாக, கைத்தொலைபேசி எடுக்காத இடமாக இருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கொம்பனி. இங்கே ட்ரெயிலர்க்காரர் நடுவில் "சைனா பொம்" என்றொரு பட்டப்பெயர் உண்டு. சீனாவில் செய்து, மலிவாகப் போட்டு அனுப்புகிற ரயர்களைச் சொல்வது. வெடித்த ரயர்கள் அநேகம் சீனத் தயாரிப்பு என்பது உண்மை. உற்பத்திச்சாலை பூட்டி அனுப்புகிற ரயர்களில் அநேகம் சீனத் தயாரிப்பு என்பதும் உண்மை. நாற்பது இறாத்தல் மிச்சத்தோடு ஓடுகிற ரயர் எந்த நாட்டில் பிறந்தாலும் அதன் விதி பெரிதாக மாறாது. குட்இயர் 2017இல் கொண்டுவந்த என்டியூரன்ஸ் அமெரிக்காவில் செய்யப்படுவது; 80 பிஎஸ்ஐ தரத்தில் நம்பிக் கொடுக்கிறேன். பாரம் கூடின பிஃப்த் வீல்களுக்கு, லொறி ரயரைப்போல உடலுக்குள்ளேயே உருக்கு நூல் போட்ட ஜி தர ரயர் வேண்டும். குட்இயரின் ஜி614 அந்த வகை. சைலுன் எஸ்637 அந்த வகைதான், அது சீனக் கொம்பனி. பெயரைக் கேட்டு முகம் சுளித்த பலர் விலையையும் 4,400 என்ற எண்ணையும் பார்த்துவிட்டு அதையே பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பூட்டின பிறகு காற்று. பக்கச் சுவரில் 3,520 இறாத்தல் என்று எழுதியிருப்பது 80 பிஎஸ்ஐ இருந்தால் மட்டும். அதே ரயரில் 65 இருந்தால் 3,000தான் தாங்கும். ஒரு ரயர் அப்படி இறங்கினது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. முப்பத்தைந்து அடி பின்னால் நடக்கிற விஷயம். காலையில் புறப்படுமுன் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் ஏறினால் 80 பிஎஸ்ஐ ரயரில் மூன்று பிஎஸ்ஐக்குச் சற்று மேல் ஏறும். ஓடிச் சூடானால் அதைவிடவும் ஏறும். பயந்து நடுவழியில் காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு புறப்படுகிறார்கள்.

அமெரிக்காவில் ஃபயர்ஸ்ரோன் ரயர்கள் திரும்பப் பெறப்பட்ட 2000ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின் பின்விளைவாக, 2007இன் இறுதிக்குள் அங்கே விற்கிற புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ரயர் அழுத்தக் காட்டி கட்டாயமானது. இழுக்கிற ட்ரெயிலர்களுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. ஆகவே நாமே வாங்கிப் பூட்டவேண்டும்: வால்வில் திருகுகிற சிறிய உணரி நான்கு, ட்ரக்கின் முன்னால் வைக்கிற ஒரு திரை. அழுத்தமும் வெப்பமும் தெரியும். ஜி ரயருக்குக் கொடுக்கிற மேலதிக விலையையும் இந்தக் காட்டியின் விலையையும் ஒன்றாக வைத்து, கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்று சொன்னால், எடைச் சீட்டு அனுமதித்தால், காட்டியை வாங்கச் சொல்வேன்.

நட் முறுக்குவது எங்கள் வேலை. இரண்டாம் தரம் முறுக்குவது உங்கள் வேலை. அரை அங்குலத் தண்டுக்கு 90 முதல் 120 அடி-இறாத்தல். புதுச் சில்லு பூட்டினால் முதல் 80 கிலோமீற்றருக்குள் நிறுத்தி முறுக்குமானியால் பார்க்கவேண்டும். சீட்டில் இதை எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். வாங்கினாலும் அநேகர் செய்வதில்லை.

ஸ்காபரோச் சகோதரர்களின் நாலு எண்ணும் வந்தபோது மூத்தவர் தாளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பின் இடது சில்லு 3,610.

"அப்ப ஜியா போடவேணும், அண்ணை?"

"அண்டாவையும் தண்ணிப் பெட்டியையும் ட்ரக்கிலை ஏத்துங்கோ. பிறகு திரும்பி நிறுப்பம்."

ஏற்றினார்கள். அதே சில்லு 3,040க்கு இறங்கினது. 80 பிஎஸ்ஐ ரயரின் எல்லையில் 86 சதவீதம். என் கணக்குக்கு ஒரு மயிரிழை வெளியே. கதிரைகளையும் முன்பக்கம் நகர்த்தச் சொன்னேன், உள்ளே வந்துவிட்டது. இ தர ரயர் நாலு, மேலதிக ரயர் ஒன்று, உயர் அழுத்த வால்வுகள், ஒரு அழுத்தக் காட்டி. ஜி ரயருக்கும் புது றிம்முக்கும் போகவிருந்த காசு அவர்களுக்கு மிச்சம். எங்கள் முதலாளிக்கு அன்று வரவேண்டியது குறைந்துதான் போனது. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவர்களின் சொந்தக்காரர் இரண்டு பேர் ட்ரெயிலரோடு வந்து, ரயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "முதல்ல நிறுத்துத் தாங்கோ" என்றார்கள்.